மூச்சு முட்டுவது எதனால்?

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கிறது. அதை விரலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பாருங்கள். நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 97, 98 என்று எண் நிற்கும். முப்பது வினாடி போனதும் நெஞ்சு அடைக்கத் தொடங்கும். நாற்பது, ஐம்பதை நெருங்கும்போது அடிவயிறு தானாக வெட்டி இழுக்கும். இனி தாங்காது என்று வாயைத் திறந்துவிடுவோம். அப்போதும் எண் பெரிதாக இறங்கியிருக்காது. நுரையீரலில் நடப்பது விரல் நுனியில் தெரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான். அதையும் கணக்கில் சேர்த்து இன்னும் அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் சில புள்ளிகளுக்கு மேல் குறைவது அரிது. ஆக, இரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே உடல் மூச்சுக்குத் தவிக்கிறது.

ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், கரியமில வாயுவை வெளியே விடுகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சரிதான். ஆனால் மூச்சு எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக ஓட வேண்டும் என்று நிமிடத்துக்கு நிமிடம் முடிவு செய்வது எது என்று பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. முடிவு செய்வது பெரும்பாலும் கரியமில வாயு. கழிவு என்று நாம் ஒதுக்குகிற அதே வாயு. ஆக்சிஜன் குறைந்தால் உடல் உடனே கூச்சலிடும் என்று நம்பி இறந்தவர்கள் பலர். அந்த நம்பிக்கை எங்கே பிழைக்கிறது என்று பார்ப்பதற்கு முன், மூச்சு ஓடும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலுக்குக் கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் சற்று உயர்கின்றன. நெஞ்சுக்கூடு விரிய, அதோடு ஒட்டிய நுரையீரலும் விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தானாகப் புகுகிறது. அந்த அழுத்தக் குறைவு எவ்வளவு தெரியுமா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். மூச்சை வெளியே விடுவதற்கு அந்த உழைப்பும் வேண்டியதில்லை. இழுபட்ட நுரையீரல் தன் இயல்புக்குச் சுருங்கிக்கொள்கிறது.

ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்க் கிளைகளிலும் தங்கி, ஒரு வேலையும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. மீதி 350 மில்லிதான் காற்று நுண்ணறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஏற்கெனவே இரண்டரை லிட்டர் பழைய காற்று இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் காலியாகி நிரம்புவதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் மாறுவது ஏழில் ஒரு பங்குதான். இது குறைபாடு இல்லை. அண்டா நிறைய வெந்நீரில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சூடு சட்டென்று மாறிவிடாது அல்லவா? அந்த இரண்டரை லிட்டர் இருப்பதால்தான் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இரத்தத்தின் வாயு அளவுகள் ஏறி இறங்காமல் நிற்கின்றன.

நுண்ணறைகளின் எண்ணிக்கை பற்றிப் பிரமிப்பூட்டும் கணக்குகள் ஏராளம் உண்டு. இரண்டு நுரையீரலிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி என்பது இந்த நூற்றாண்டில் நடந்த எண்ணிக்கை. எனக்கு அதைவிட வியப்பாகத் தெரிவது சுவரின் மென்மை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலான திரை பல இடங்களில் ஒரு மைக்ரானில் பாதிகூட இல்லை. இரத்தச் சிவப்பணு அந்தத் திரையை ஒட்டி ஓடுவது முக்கால் வினாடி. அதில் முதல் கால் வினாடிக்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. மீதி அரை வினாடி, ஓடும்போதும் மலையேறும்போதும் எடுத்துக்கொள்ள ஒதுக்கி வைத்தது.

இந்த ஏற்பாட்டில் உடல் எந்த எண்ணைக் காப்பாற்றப் பாடுபடுகிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஸ்காட்லாந்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் வேலை. ஆனால் அவருடைய உண்மையான ஆய்வுக்கூடம் நிலக்கரிச் சுரங்கம் என்று சொன்னால் மிகையாகாது. 1896இல் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தபோது உள்ளே இறங்கிப் பிணங்களைப் பரிசோதித்தார். பெரும்பாலோர் வெடித்ததில் சாகவில்லை, பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடில் செத்திருக்கிறார்கள் என்று காட்டினார். சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். விஷவாயுக்களைத் தானே முகர்ந்து பார்ப்பதும், மூடிய பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு காற்று கெடக் கெட என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்வதும் அவருக்கு வழக்கம்.

1905இல் அவரும் பிரீஸ்ட்லி என்ற இளம் ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரை மூச்சைப் பற்றிய புரிதலையே மாற்றியது. கருவி மிக எளிது: ஒரு நீண்ட ரப்பர் குழாய். அதற்குள் முடிந்த மட்டும் ஊதித் தள்ள வேண்டும். முதலில் வருவது மூச்சுக்குழாய்களில் தங்கிய காற்று. கடைசியில் வருவதுதான் நுரையீரலின் அடியிலிருந்து வருவது. அந்தக் கடைசிக் காற்றைப் பிடித்து அளந்தார்கள். காற்றழுத்தம் குறைவான பென் நெவிஸ் மலை உச்சியில் அளந்தார்கள். அழுத்தம் கூடுதலான கார்ன்வாலின் டால்கோத் சுரங்க அடியிலும் அளந்தார்கள். இடத்துக்கு இடம் ஆக்சிஜனின் அழுத்தம் கணிசமாக மாறியது. கரியமில வாயுவின் அழுத்தம் மட்டும் அசையவில்லை. இன்றைய கணக்கில் அது பாதரச அளவையில் 40 மில்லிமீட்டர். நுரையீரலின் ஆழத்தில் கரியமில வாயு 0.2 விழுக்காடு அளவுக்குக் கூடினாலே மூச்சின் அளவு இரட்டிப்பானது. ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தபோதோ, வெகுதூரம் குறையும்வரை மூச்சில் சொல்லும்படியான மாற்றமில்லை.

இவ்வளவு துல்லியமாகக் கண்ட ஹால்டேன், நுரையீரல் ஆக்சிஜனைச் சுரப்பிபோல இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்ற தவறான கொள்கையைச் சாகும்வரை விடவில்லை. ஆகஸ்ட் க்ரோக், மரீ க்ரோக் தம்பதியர் 1910இலேயே, வாயுக்கள் அழுத்த வேறுபாட்டால் தானாகப் பரவுகின்றன, சுரப்பது எதுவுமில்லை என்று காட்டிவிட்டார்கள். ஹால்டேன் 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமேல் முகாமிட்டுத் தன் கட்சிக்கே ஆதாரம் கிடைத்ததாக அறிவித்தார். பெரிய ஆய்வாளர்கள் ஒரே காலத்தில் ஒன்றில் மிகச் சரியாகவும் பக்கத்திலேயே இன்னொன்றில் முழுத் தவறாகவும் இருப்பது அறிவியல் வரலாற்றில் புதிதல்ல.

கரியமில வாயு எப்படி ஆணையிடுகிறது? அது தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் எல்லாப் பொருளும் நுழைந்துவிட முடியாது. கரியமில வாயு நுழையும். உள்ளே போய் மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சற்று அமிலமாக்கும். மூளையின் அடித்தண்டில் முகுளத்தின் முன்பக்கத்தை ஒட்டிய நரம்பணுக்கள் அந்த அமிலத்தை உணர்ந்து, மூச்சின் தாளத்தைக் கூட்டும். தாளம் போடுகிற நரம்பணுக் கூட்டமும் அங்கேயே இருக்கிறது. அதன் பெயர் ப்ரீ-பாட்சிங்கர். நரம்பியல் மாநாடு ஒன்றில் மேசைமேல் இருந்த ஜெர்மன் ஒயின் பாட்டிலைப் பார்த்து அதன் பக்கத்துப் பகுதிக்கு வைத்த பெயரின் தொடர்ச்சி அது. நாம் உயிரோடிருப்பதற்குப் பொறுப்பான சில ஆயிரம் நரம்பணுக்களுக்கு இப்படியொரு பெயர்.

ஆக்சிஜனை மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியம்? காரணம் ஹீமோகுளோபினிடம் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமாக 100 மில்லிமீட்டர். அப்போது ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிரம்பியிருக்கும். அழுத்தம் 60க்கு இறங்கினாலும் 90 விழுக்காடு நிரம்பித்தான் இருக்கும். அழுத்தம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தாலும் சரக்கு ஏறக்குறைய முழுசாகப் போய்ச் சேர்கிறது. அதனால் அந்த எல்லைக்குள் உடல் கவலைப்படுவதில்லை. 60க்குக் கீழே போனால் விஷயம் வேறு. வளைகோடு செங்குத்தாகச் சரியும். அந்த இடத்தில் எச்சரிக்க ஒரு காவல் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் முனையில் அரிசிமணி அளவில் இருக்கும் கரோடிட் உறுப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து மூச்சைத் தூண்டும். இந்தக் காவலைத் தெளிவாக்கியதற்காகப் பெல்ஜியத்தின் கார்னெய் ஹைமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆனால் இந்தக் காவலும் தனித்து நின்றால் குரல் மங்கியதுதான். ஆக்சிஜன் குறைவால் மூச்சு வேகமானால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும். அது குறைந்தால் முகுளம் வேகத்தைக் குறைக்கச் சொல்லும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1875 ஏப்ரல் 15 சாட்சி. அன்று பாரிஸிலிருந்து ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் கிளம்பினார்கள்: க்ரோசே-ஸ்பினெல்லி, சிவெல், காஸ்டன் டிஸ்ஸாந்தியே. உயரத்தில் ஆக்சிஜன் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். பைகளில் ஆக்சிஜன் கலந்த காற்றையும் கொண்டுபோனார்கள். அது போதாது என்று உடலியல் அறிஞர் பால் பேர் எழுதிய கடிதம் வந்து சேருமுன் பலூன் போய்விட்டது. அவர்களிடம் இருந்தது கொஞ்சம்தான் என்பதால், உண்மையில் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவில்தான் எமன் இருந்தான். தேவைப்படும் நேரம் வந்ததை அவர்கள் உடல் சொல்லவே இல்லை. டிஸ்ஸாந்தியே பிற்பாடு எழுதியபடி, ஏழாயிரம் மீட்டருக்கு மேலே வலியோ மூச்சுத் திணறலோ இல்லை. மனத்தில் ஒருவித ஆனந்தம்தான். குழாயை எடுக்க நினைத்தார், கை எழவில்லை. எட்டாயிரம் மீட்டர் என்று கூவ நினைத்தார், நாக்கு புரளவில்லை. நினைவு வந்து பார்த்தபோது நண்பர்கள் இருவரும் இறந்து கிடந்தார்கள். அவருக்குக் காது கேட்காமல் போனது.

வானத்துக்குப் போக வேண்டாம், கிணறு போதும். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்று போட்டி போடும் பையன்கள், குதிப்பதற்கு முன் தம் கட்டுகிறேன் என்று பத்து இருபது தடவை வேகமாக இழுத்து விடுவார்கள். ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதாக எண்ணம். ஹீமோகுளோபின் ஏற்கெனவே 98 விழுக்காடு நிரம்பியிருக்கையில் எங்கே சேர்ப்பது? நடப்பது வேறு: கரியமில வாயுவைத் துரத்திவிடுகிறார்கள். தண்ணீருக்குள் அது பழைய அளவுக்கு ஏறி மூச்சை முட்டச் செய்யும் முன்பே, ஆக்சிஜன் நினைவைத் தாங்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவன் சத்தமில்லாமல் மூழ்குவதற்கு இது ஒரு காரணம். கபாலபாதி செய்யும்போது தலை கிறுகிறுத்து விரல் நுனி மரத்துப்போவதும் இதே கணக்குத்தான். மூளைக்கு ஆக்சிஜன் வெள்ளமாகப் பாய்கிறது என்று சில பயிற்றுநர்கள் சொல்வார்கள். கரியமில வாயு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. பயிற்சியால் வேறு நன்மைகள் இருக்கலாம். இந்த விளக்கம் மட்டும் தலைகீழ்.

கரியமில வாயு தேங்குவதை அடையாளம் காண்பதிலும் மருத்துவம் தடுமாறியிருக்கிறது. 1952 கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பிளெக்டம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பலருக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தன. மருத்துவமனையில் இருந்தது உடலை உள்ளே வைத்து மூடும் ஒரே ஒரு இரும்பு நுரையீரல், நெஞ்சில் கவசம்போல் மாட்டும் ஆறு கருவிகள். முதல் மூன்று வாரங்களில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். இறப்பதற்கு முன் அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியது, உடல் வியர்த்துக் கொட்டியது. ஆனால் ஆக்சிஜன் கொடுக்கப்பட்டதால் நிறம் நன்றாகவே இருந்தது. இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிக அதிகம். இரத்தம் காரமாகிவிட்டது, அதனால்தான் இந்த எண் என்று எல்லோரும் நினைத்தார்கள்; மூளையை நோய் தாக்கிவிட்டது, இனி செய்வதற்கில்லை என்றும் நினைத்தார்கள்.

பியோர்ன் இப்சன் மயக்கவியல் மருத்துவர். அறுவை அரங்கில் மூச்சு சரியாக ஓடாத நோயாளிக்கு இதே வியர்வையும் இதே இரத்த அழுத்தமும் வருவதைக் கண்டவர். இது காரமில்லை, வெளியேற முடியாமல் கரியமில வாயு தேங்கிக் கிடக்கிறது, காற்றை உள்ளே தள்ளிக் கழுவி எடுங்கள் என்றார். ஆகஸ்ட் 27 அன்று சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். இப்சன் ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றை உள்ளே தள்ளினார். சிறுமி திமிறியதால் காற்று போகவில்லை. மயக்கமருந்து கொடுத்து அவள் தளர்ந்த பிறகு மறுபடி அழுத்தினார். கரியமில வாயு இறங்கியது, இரத்த அழுத்தம் இறங்கியது, வியர்வை நின்றது. பழையபடி கருவிக்கு மாற்றியதும் எல்லாம் திரும்ப ஏறின. சுற்றி நின்றவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த அளவுக்கு எந்திரங்கள் எங்கும் இல்லை. ஆகவே சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் உட்கார்ந்து, இரவும் பகலுமாகக் கையால் பையை அழுத்தினார்கள். ஒரே சமயத்தில் 70 பேர்வரை இப்படி மாணவர் கைகளால் மூச்சு விட்டார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மூச்சுக் கருவியோடு கூடிய தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று எல்லா ஊர்களிலும் இருப்பது அந்த வார்டிலிருந்து வளர்ந்ததுதான். மறு ஆண்டு டிசம்பரில் அப்படியொரு தனிப் பிரிவை இப்சனே தொடங்கினார்.

கோபன்ஹேகனில் ஆக்சிஜன் சரியாக இருந்து கரியமில வாயு தேங்கியது. 2020இல் இதற்கு நேர் எதிரானதைக் கண்டோம். கொரோனா நோயாளி செல்பேசியில் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஆக்சிமீட்டர் 75 என்று காட்டும். மருத்துவர்களே கருவியைச் சந்தேகித்தார்கள். நுரையீரல் கெட்டாலும் கரியமில வாயு எளிதில் வெளியேறிவிடும். திரையைக் கடப்பதில் அது ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு சுலபமானது. மூச்சு லேசாக வேகமானாலே போதும், அது தேங்காது. தேங்காதவரை தவிப்பும் பெரிதாக இராது. உடல் சொல்லாததைச் சொன்னது விரலில் மாட்டிய அந்தக் கருவிதான். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் நிறம் தெரிந்துவிடும் என்று 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. அவர் இறந்தது 2020 ஏப்ரலில். உலகம் முழுக்க அந்தக் கருவியைத் தேடிக் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்த மாதம்.

விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்று நம் செய்தித்தாள்களில் மாதம் தவறாமல் வரும் செய்தியை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்குகிறார், விழுகிறார், காப்பாற்ற இறங்கிய அண்ணனோ தம்பியோ விழுகிறார், மூன்றாமவரும் விழுகிறார். கையால் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய ஆளை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. இறக்குகிறவர்களும், கூலிக்கு இறங்க வேண்டிய சாதியில் பிறந்தவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஏன் யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்துவிடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. மூடிக் கிடந்த தொட்டியில் மீத்தேனும் பிற வாயுக்களும் ஆக்சிஜனை விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். இறங்கியவர் அந்தக் காற்றை இழுக்கிறார், தன் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியே விடுகிறார். அது தேங்காததால் மூச்சு முட்டவில்லை. காற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவென்றால், நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனும் ஒவ்வொரு மூச்சிலும் கழுவப்பட்டு வெளியே போகும். சில மூச்சுகளில் நினைவு தப்பும். மேலே நிற்பவருக்கு அவர் கால் வழுக்கி விழுந்ததுபோலத்தான் தெரியும். அதனால்தான் அடுத்தவரும் இறங்குகிறார். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். அழுகிய முட்டை நாற்றத்தால் அதை முதலில் கண்டுபிடித்துவிடலாம். காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வையே அது செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆறுதலடையும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

தூர் வாரக் கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது கிராமத்துப் பழக்கம். பாழுங்கிணற்றுக்கு அது நல்ல சோதனைதான். ஆக்சிஜன் 17 விழுக்காட்டை ஒட்டி வரும்போதே சுடர் அணைந்துவிடும். மனிதன் நினைவிழக்க அதற்கும் வெகுவாகக் குறைய வேண்டும். ஆகவே விளக்கு முந்திக்கொள்கிறது. ஹால்டேனும் சுரங்கங்களில் இந்த இடைவெளியைத்தான் நம்பினார். கழிவுநீர்த் தொட்டியில் அதே விளக்கு கொலைக்கருவி. மீத்தேன் கலந்த காற்று தீப்பற்றி வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடோ, ஒரு மனிதனைச் சாய்க்கும் அளவில் இருக்கும்போதும் சுடரை அணைக்காது. அங்கே கயிற்றில் கட்டி இறக்க வேண்டியது இந்த வாயுக்களையும் ஆக்சிஜனையும் தனித்தனியே அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் அது அலறும். 21இலிருந்து 19.5க்கு இறங்கியதை முகுளமோ கரோடிட் உறுப்போ கவனித்திருக்காது. 15க்கு இறங்கினாலும் மூச்சு சற்று வேகமாவது, இறங்குகிறவருக்கு வேலைக் களைப்பாகத்தான் தோன்றும்.